பூட்டிய கோப்பும் திறந்த உண்மையும்

நுழையும்முன்

நீதிமன்றம் உண்மையைத் தேடும் இடம். அத்தேடலுக்குத் துணைநிற்பது ஒவ்வொருவரின் கடமை. சாட்சி கூற மறுப்பவரையும் ஆவணத்தை ஒளிப்பவரையும் சட்டம் தண்டிக்கிறது. ஆயினும், ஒருவர் தம் வழக்குரைஞரிடம் தனித்துக் கூறியவற்றை வெளியிடுமாறு அதே சட்டம் வற்புறுத்துவதில்லை. உண்மையை நாடும் மன்றம் ஒரு மௌனத்தை ஏன் காக்கிறது? அம்மௌனத்தின் எல்லை எது? ஆற்றில் மூழ்கிய ஓர் இழுவைப் படகின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கண்ட விடையை இப்பாடம் விளக்குகிறது.

வழக்கிற்கு முன்னரே உண்மை

பணம், சொத்து, ஒப்பந்தம், இழப்பீடு முதலியன பற்றி இரு தரப்பினரிடையே எழும் வழக்கு உரிமையியல் வழக்கு எனப்படும். இத்தகைய வழக்கில் முழு உண்மையும் ஒருவரிடமே இருப்பது அரிது. பழுதான இயந்திரத்தால் கையிழந்த தொழிலாளி தம் வலியை அறிவார். அவ்வியந்திரம் கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பதை முதலாளியின் பதிவேடுதான் அறியும். அப்பதிவேடு பூட்டியே இருந்தால் தொழிலாளியின் வழக்கு தொடங்கும் முன்பே தோற்றுவிடும்.

முற்காலத்தில் ஒவ்வொரு தரப்பும் தன் சான்றுகளை மறைத்துவைத்து, விசாரணை நாளன்று எதிர்பாராத வகையில் வெளிப்படுத்துவது வழக்கம். திறமையாக மறைப்பவரே வெல்லக்கூடிய நிலை அது. இந்நிலையை மாற்ற, அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கான உரிமையியல் நடைமுறை விதிகள் 1938ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. விசாரணைக்கு முன்னரே ஒரு தரப்பு மற்றொரு தரப்பிடம் எழுத்து வினாக்கள் விடுக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், சாட்சிகளை உறுதிமொழியின் பேரில் வினவவும் அவை வழிசெய்தன. ஆங்கிலத்தில் ‘டிஸ்கவரி’ எனப்படும் இந்நடைமுறையைத் தமிழில் ‘வெளிக்கொணர்தல்’ எனலாம்.

கதவு அகலத் திறந்ததும் ஒரு புதிய கேள்வி எழுந்தது. எதிர்த்தரப்பின் பதிவேட்டைக் கேட்கலாம். எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் குறிப்பேட்டையும் கேட்கலாமா?

டெலவேர் ஆற்று விபத்து

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள். பிலடெல்பியா நகருக்கு அருகே டெலவேர் ஆற்றில், ரயில் பெட்டிகளை ஏற்றிச்செல்லும் மிதவை ஒன்றை இழுக்கும் பணியில் ‘ஜே. எம். டெய்லர்’ என்னும் இழுவைப் படகு ஈடுபட்டிருந்தது. அப்போது அது மூழ்கியது. படகில் இருந்த ஒன்பது பணியாளர்களுள் ஐவர் உயிரிழந்தனர், நால்வர் பிழைத்தனர். விபத்து ஏன் நிகழ்ந்தது என்பது விளங்கவில்லை.

மூன்று நாள்களுக்குப் பின், படகின் உரிமையாளர்களும் காப்பீட்டாளர்களும் ஒரு வழக்குரைஞர் நிறுவனத்தை அமர்த்தினர். இழப்பீட்டு வழக்குகள் வரும் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். மார்ச் 4ஆம் நாள் அரசின் நீராவிக்கப்பல் ஆய்வாளர்கள் முன்னிலையில் பொது விசாரணை நடைபெற்றது. பிழைத்த நால்வரும் அங்குச் சாட்சியம் அளித்தனர். அச்சாட்சியம் எழுத்தில் பதிவாகி, விரும்பிய எவரும் பெறும் வகையில் இருந்தது.

அதன்பின், உரிமையாளர்களின் வழக்குரைஞரான ஃபோர்ட்டன்பாக் அந்நால்வரையும் தனியே சந்தித்து வினவினார். அவர்கள் கூறியவற்றை எழுதி, மார்ச் 29ஆம் நாள் அவர்களிடம் கையொப்பம் பெற்றார். விபத்தைப் பற்றி அறிந்திருக்கக்கூடிய வேறு சிலரையும் கண்டு பேசினார். அவர்களுள் சிலர் கூறியவற்றைக் குறிப்பாக எழுதிவைத்தார். அத்தாள்கள் அனைத்தும் அவருடைய கோப்பில் சேர்ந்தன.

முப்பத்தெட்டாவது வினா

இறந்த ஐவரின் சார்பிலும் இழப்பீடு கோரப்பட்டது. நான்கு கோரிக்கைகள் வழக்கின்றியே தீர்ந்தன. ஐந்தாவது கோரிக்கை, இறந்த பணியாளர்களுள் ஒருவரான ஹிக்மன் என்பவரின் சார்பில் 1943 நவம்பரில் நீதிமன்றம் சென்றது. பணியின்போது உயிரிழக்கும் கடலோடிகளின் குடும்பத்தார் முதலாளி மீது வழக்குத் தொடர வழிசெய்யும் ஜோன்ஸ் சட்டத்தின்படி அவ்வழக்குத் தொடுக்கப்பட்டது.

ஓராண்டு கழிந்தபின், ஹிக்மன் தரப்பு 39 வினாக்களை உரிமையாளர்களுக்கு அனுப்பியது. அவற்றுள் முப்பத்தெட்டாவது வினாவே வரலாறானது. பணியாளர்களிடம் ஏதேனும் வாக்குமூலம் பெறப்பட்டதா, எழுத்து வாக்குமூலமாயின் அதன் படி எங்கே, வாய்மொழியாயின் அவர்கள் கூறியது என்ன என்று அது கேட்டது.

உரிமையாளர்கள் மற்ற வினாக்களுக்கு விடையளித்தனர். வாக்குமூலம் பெறப்பட்டதையும் ஒப்புக்கொண்டனர். ஆனால், அவற்றின் உள்ளடக்கத்தைத் தர மறுத்தனர். வழக்குரைஞரின் கோப்பை மறைமுகமாகப் பெறும் முயற்சி இது என்பது அவர்களின் வாதம். மாவட்ட நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வாக்குமூலங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. மீண்டும் மறுத்தபோது, அவர்கள் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தீர்மானித்து, ஆணைக்குப் பணியும்வரை சிறையிலிடுமாறு உத்தரவிட்டது. ஃபோர்ட்டன்பாக்கும் அவ்வுத்தரவுக்கு உள்ளானார்.

இங்கு இருபுறமும் நியாயம் இருப்பதை உணர வேண்டும். ஒருபுறம், நீரில் உயிரிழந்த ஒருவரின் சார்பில் நிற்பவர்கள். நடந்ததைக் கண்டவர்கள் நால்வரே; அவர்கள் கூறியதை எதிர்த்தரப்பு முதலில் எழுதி வைத்திருக்கிறது. மறுபுறம், தம் கட்சிக்காரருக்காக உழைத்துத் திரட்டியதை எதிராளிக்குக் கொடுக்க மறுத்ததற்காகச் சிறையை எதிர்நோக்கும் வழக்குரைஞர். மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

பழைய காப்பு ஒன்று

வழக்குரைஞரிடம் கட்சிக்காரர் கூறும் மறைபொருளைக் காக்கும் உரிமை மிகப் பழையது. 1577ஆம் ஆண்டிலேயே, கட்சிக்காரருக்கு எதிராகச் சாட்சியம் கூறுமாறு அவருடைய வழக்குரைஞரைக் கட்டாயப்படுத்தலாகாது என ஓர் இங்கிலாந்து நீதிமன்றம் கருதியது. வழக்குரைஞரின் மானத்தைக் காக்கும் வழக்கமாக முதலில் எண்ணப்பட்ட இது, காலப்போக்கில் கட்சிக்காரரின் உரிமையாக நிலைபெற்றது. இன்று அக்காப்பை விட்டுக்கொடுக்கும் உரிமை கட்சிக்காரருக்கே உண்டு. வழக்குரைஞர் தாமாக அதைக் கைவிட இயலாது.

இதன் அடிப்படை எளியது. நோயை மறைப்பவருக்கு மருத்துவர் மருந்து தர முடியாது. அவ்வாறே, தமக்குச் சாதகமில்லாத செய்தியையும் சேர்த்துக் கூறினால்தான் ஒருவர் சரியான சட்ட அறிவுரையைப் பெற முடியும். கூறியது நாளை தமக்கே எதிராகத் திரும்பும் என்னும் அச்சம் இருந்தால் அவர் பாதியை விழுங்கிவிடுவார். அரைகுறைச் செய்தியின்மேல் தரும் அறிவுரை பிழையாகும்.

ஆனால், இக்காப்பு உரையாடலுக்கு உரியது, நிகழ்ச்சிக்கு உரியதன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கிடங்கு தீப்பற்றுகிறது. மின்கம்பி நைந்திருந்ததைத் தாம் முன்பே அறிந்ததாக உரிமையாளர் தம் வழக்குரைஞரிடம் கூறுகிறார். “உங்கள் வழக்குரைஞரிடம் என்ன கூறினீர்கள்?” என்று எதிர்த்தரப்புக் கேட்டால் அவர் விடையளிக்க வேண்டியதில்லை. “மின்கம்பி நைந்திருந்தது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால் அவர் உண்மையையே கூற வேண்டும். கம்பியைப் பற்றிய உண்மை, வழக்குரைஞரின் செவிக்குள் புகுந்துவிட்டதனால் மறைபொருளாகிவிடாது.

டெலவேர் ஆற்று வழக்கில் இப்பழைய காப்பு உதவவில்லை. ஃபோர்ட்டன்பாக் பேசியது சாட்சிகளிடம். சாட்சியிடமிருந்து வழக்குரைஞர் பெறும் செய்தி, கட்சிக்காரர் நம்பிக் கூறும் மறைபொருள் ஆகாது என உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. அப்படியாயின் கோப்பைத் திறந்துவிட வேண்டியதுதானா?

1947ஆம் ஆண்டுத் தீர்ப்பு

‘ஹிக்மன் எதிர் டெய்லர்’ எனப்படும் அவ்வழக்கில் 1947 ஜனவரி 13ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. நீதியரசர் ஃபிராங்க் மர்ஃபி நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார். வெளிக்கொணர்தல் விதிகளைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பதை முதலில் அவர் வலியுறுத்தினார். இரு தரப்பும் எல்லா உண்மைகளையும் அறிந்து வாதிடுவதே முறையான வழக்குக்கு அடிப்படை என்றார். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அடுத்துக் காட்டினார்.

வழக்குரைஞர் செய்திகளைத் திரட்டுகிறார். தேவையானதையும் தேவையற்றதையும் பிரிக்கிறார். எவ்வழியில் வாதிடலாம் எனத் திட்டமிடுகிறார். அவருடைய குறிப்புகளிலும் கடிதங்களிலும் வாக்குமூலப் பதிவுகளிலும் இச்சிந்தனை கலந்திருக்கிறது. எதிராளி கேட்டவுடன் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்றால் நேர்வது என்ன? இன்று தாளில் எழுதப்படுவது நாளை எழுதப்படாமலே போகும். குறிப்பெடுக்க வழக்குரைஞர் அஞ்சுவார். வழக்கைத் தயாரிப்பதில் திறமைக்குறைவும் நேர்மைக்குறைவும் பெருகும். இறுதியில் நலிவது கட்சிக்காரரின் நலனும் நீதியுமே. வழக்குத் தயாரிப்புக்கு உரிய இப்புதிய காப்பைத் ‘தயாரிப்புக் காப்பு’ எனலாம்.

நீதியரசர் ராபர்ட் ஜாக்சன் இம்முடிவை ஆதரித்துத் தனியே ஓர் உரை எழுதினார். நூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்குரைஞராக இருந்தவர் அவர். எதிராளியிடம் கடன்வாங்கிய அறிவைக்கொண்டு ஒருவர் தம் தொழிலை நடத்துவதற்காக இவ்விதிகள் இயற்றப்படவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். மற்றோர் இடரையும் அவர் சுட்டினார். சாட்சி வாய்மொழியாகக் கூறியதை வழக்குரைஞரே எழுதித் தர வேண்டும் என்றால், அச்சாட்சி மன்றத்தில் மாற்றிக் கூறும்போது இருவரில் யார் சொல் உண்மை என்னும் பூசல் எழும். வாதிட வந்தவரே சாட்சியாக நிற்க நேரும்.

ஹிக்மன் தரப்பின் தேவையையும் நீதிமன்றம் எடைபோட்டது. பிழைத்த நால்வரின் பொதுச் சாட்சியம் ஏற்கெனவே கிடைக்கும் நிலையில் இருந்தது. அவர்களை நேரில் சந்தித்து வினவவும் தடையில்லை. எதையும் விட்டுவிடவில்லை என உறுதிசெய்துகொள்ளவும் சாட்சிகளை வினவத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளவுமே அத்தாள்கள் வேண்டும் என ஹிக்மனின் வழக்குரைஞரே கூறியிருந்தார். அக்காரணம் போதாது என நீதிமன்றம் முடிவுசெய்தது. முப்பத்தெட்டாவது வினாவுக்கான விடை கோப்பிலேயே நின்றது.

அசையும் எல்லையும் அசையா எல்லையும்

தயாரிப்புக் காப்பு முழுமையான பூட்டன்று. சாட்சி இறந்துவிட்டார் எனக் கொள்வோம். அல்லது எட்ட முடியாத இடத்திற்குச் சென்றுவிட்டார். அவர் கூறியது எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் கோப்பில் மட்டுமே உள்ளது. அந்நிலையில், தகுந்த தேவையைக் காட்டுபவருக்கு அதைத் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். இவ்வாய்ப்பைத் தீர்ப்பே விட்டுவைத்தது.

1970ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இக்கோட்பாடு எழுத்து விதியாயிற்று. அதன்படி, வழக்கை எதிர்பார்த்து உருவாக்கப்பட்ட ஆவணத்தைப் பெற விரும்புபவர் இரண்டை மெய்ப்பிக்க வேண்டும்: அது தமக்கு இன்றியமையாதது, பெருந்துன்பமின்றி வேறு வழியில் அதற்கு ஈடானதைப் பெற இயலாது. இவ்வாறு ஆவணத்தைத் தர ஆணையிடும்போதும், வழக்குரைஞரின் மனப்பதிவுகள், முடிவுகள், கருத்துகள், சட்டக் கோட்பாடுகள் ஆகியன வெளிப்படாமல் நீதிமன்றம் காக்க வேண்டும். செய்தியைச் சூழ்ந்த வேலி தேவைக்கேற்ப நகரும். சிந்தனையைச் சூழ்ந்த வேலி எளிதில் நகராது. வழக்கை நினையாமல் அன்றாட அலுவலில் எழுதப்பட்ட பதிவேடுகளுக்கு இக்காப்பு இல்லை. கையிழந்த தொழிலாளி கேட்கும் பழுதுபார்ப்புப் பதிவேடு திறந்தே இருக்கும்.

காப்புகள் தவறாகப் பயன்படாமல் தடுக்கும் முறைகளும் உள்ளன. ஓர் ஆவணத்தைத் தர மறுப்பவர், ‘மறைபொருள்’ என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஆவணத்தின் தன்மையை, அதன் மறைபொருளை வெளியிடாமல், எதிராளி மதிப்பிடும் அளவுக்கு விவரிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் நீதிபதி அதைத் தனியே படித்துப்பார்த்து முடிவுசெய்யலாம். அறிவுரை பெறுவதற்கான உரையாடலில் தொடர்பில்லாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டவர் மறைகாப்பை இழக்கக்கூடும். இனிச் செய்யவிருக்கும் குற்றத்திற்கோ மோசடிக்கோ வழக்குரைஞரின் உதவியை நாடுபவருக்கு அக்காப்பு அறவே கிடையாது. 1933ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. கடந்த தவற்றுக்கு அறிவுரை கேட்பவருக்கும் வருங்காலத் தவற்றுக்கு வழிகேட்பவருக்கும் உள்ள வேறுபாடு அது.

நிறுவனத்திற்காகப் பேசுபவர் யார்?

கட்சிக்காரர் ஒரு தனிமனிதர் என்றால் அவர் கூறியது எது என அறிவது எளிது. பல நாடுகளில் பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் கட்சிக்காரராக இருந்தால் யாருடைய பேச்சு காக்கப்படும்? 1981ஆம் ஆண்டில் அப்ஜான் என்னும் மருந்து நிறுவனத்தின் வழக்கில் இவ்வினா எழுந்தது.

அந்நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளை நிறுவனம் ஒன்று, அரசு வணிகத்தைப் பெறுவதற்காக வெளிநாட்டு அரசு அலுவலர்களுக்குப் பணம் கொடுத்ததை 1976ஆம் ஆண்டில் தணிக்கையாளர்கள் கண்டறிந்தனர். நிறுவனத்தின் வழக்குரைஞர்கள் வெளிநாட்டு மேலாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பியும் பலரை நேரில் வினவியும் உண்மையைத் திரட்டினர். அவ்விடைத்தாள்களையும் நேர்காணல் குறிப்புகளையும் வரித்துறை கேட்டது. நிறுவனத்தின் முடிவுகளை எடுக்கும் உயர் அலுவலர்களின் பேச்சுக்கு மட்டுமே மறைகாப்பு உண்டு எனக் கீழ்நிலை நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிவுரைக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் நடுநிலை, கீழ்நிலைப் பணியாளர்களிடமே உள்ளது. அவர்கள் நிறுவனத்தின் வழக்குரைஞரிடம் பேசியதும் காக்கப்பட வேண்டும் என்றது. வரித்துறை அப்பணியாளர்களை நேரடியாக வினவத் தடையில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. கிடங்குக் கம்பியின் எடுத்துக்காட்டில் கண்ட அதே கோடு இது.

எனினும், இக்காப்பு நிறுவனத்துக்கு உரியது. பேசிய பணியாளருக்கு உரியதன்று. நிறுவனம் விரும்பினால் அதைக் கைவிட்டு, பணியாளர் கூறியதை அரசிடம் ஒப்படைக்கலாம். ஆகவே, அமெரிக்க நிறுவனங்களின் வழக்குரைஞர்கள் பணியாளரை வினவும் முன், தாம் நிறுவனத்தின் வழக்குரைஞரே தவிர அவருடைய வழக்குரைஞர் அல்லர் என்பதைக் கூறிவிடுகின்றனர்.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவும் இக்கோட்பாட்டைப் போற்றுகிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129 வரையிலான பிரிவுகள் வழக்குரைஞரிடம் கூறும் மறைபொருளைக் காத்தன. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், 132 முதல் 134 வரையிலான பிரிவுகளில் அக்காப்பைத் தொடர்கிறது. வழக்குரைஞரின் எழுத்தர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இக்கடமை உண்டு. சட்டவிரோத நோக்கத்திற்காகக் கூறப்பட்டதற்கு இங்கும் காப்பு இல்லை. எதிர்த்தரப்பிடம் எழுத்து வினா விடுப்பதற்கும் ஆவணம் கோருவதற்குமான வழிகளை 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகுத்துள்ளது.

மௌனத்தின் விலை

இக்காப்புகளுக்கு ஒரு விலை உண்டு. சில வேளைகளில், உண்மைக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு தாள் கோப்பிலேயே தங்கிவிடும். ஆற்றில் உயிரிழந்த ஒருவரின் சார்பில் வந்தோர் கேட்டும் பெற முடியாத தாள்கள் அத்தகையவையே. அவ்விலையைச் சட்டம் அறிந்தே ஏற்கிறது. வழக்குரைஞரிடம் அஞ்சாமல் பேச முடியாத நிலை வந்தால் செல்வரைவிட எளியவரே மிகுதியாக இழப்பர்; சட்டம் அறியாத அவர்களுக்கு வழக்குரைஞரை விட்டால் வேறு துணையில்லை.

அதனால்தான் அக்காப்பை எவ்வளவு குறுகிய எல்லைக்குள் வைக்க முடியுமோ அவ்வளவு குறுகிய எல்லைக்குள் நீதிமன்றங்கள் வைக்கின்றன. நடந்தது என்ன என்பதை எவரும் எவரிடமும் கேட்கலாம். நடந்ததைப் பற்றி ஒருவர் தம் வழக்குரைஞரிடம் கூறியது என்ன, அவ்வழக்குரைஞர் எண்ணியது என்ன என்பவை காக்கப்படும். ஹிக்மன் தரப்புக்குக் கோப்பின் கதவு அடைபட்டது. உயிர்பிழைத்த நால்வரின் வீட்டுக் கதவுகள் அடைபடவில்லை.